மாரியாயின்னா என்னா அர்த்தம்? நம்ம பாட்டிங்க பேர கொஞ்சம் பிரிச்சு பாப்போம்

எங்க மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்து கோயில் திருவிழாவுக்கு போயி, அன்னதான வரிசையில நின்னுக்கிட்டு "மாரியாயீ"ன்னு சத்தமா ஒரு கொரல் குடுத்தீங்கன்னா கொறஞ்சது மூணு பேராச்சும் திரும்பி பாப்பாங்க. மூணு பேருக்குமே அறுவது எழுவது வயசு இருக்கும். அதே வரிசையில நிக்கிற இருவது வயசு பொண்ணுங்கள்ல ஒன்னு கூட திரும்பாது. அவ்ளோ சாதாரணமா இருந்த பேரு, ரெண்டே தலமொறையில காணாம போச்சு.

அந்த காலத்துல ஒரே தோட்டத்துல அஞ்சு மாரியாயி ஆறு மாரியாயி இருப்பாங்க, அதனால பேருக்கு முன்னாடி ஏதாச்சும் ஒரு அடையாளம் ஒட்டிக்கும், நெட்ட மாரியாயி, ஆயாகொட்டாய் (பிள்ளைங்கள பாத்துக்குற கொட்டாய்) மாரியாயி, மேட்டு லயத்து (லயம்னா தோட்டத்து வரிசை வீடு) மாரியாயி, இப்படி. எங்க பாட்டி அஞ்சாம் நம்பர் மாரியாயி. அஞ்சுங்கிறது லயத்துல வீட்டு நம்பர், தோட்டம் கைமாறி லயத்த இடிச்சு செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டதுக்கு அப்புறமும் அந்த நம்பர் மட்டும் பாட்டிய விட்டு போகல.

நான் தடிக்காவுல, அதான் பாலர் பள்ளியில, டீச்சரா இருக்கேன். பிள்ளைய சேக்க வர்ற சின்ன வயசு அம்மாமாருங்க சில பேரு "டீச்சர், எங்க பாட்டி பேரு மாரியாயி, அது வெறும் சாமி பேருதானே, அர்த்தம்னு ஒன்னு இருக்கா"ன்னு கேக்குறாங்க. இருக்கு, நெறையவே இருக்கு. ஒன்னுமே தெரியாதவங்களுக்கும் புரியிற மாதிரி சொல்லிப் பாக்குறேன்.

பேர ரெண்டா பிரிச்சுக்குங்க. மாரி, ஆயி. அவ்ளோதான்.

மாரின்னா மழை. இது ரொம்ப பழைய தமிழ் சொல்லு, சங்க பாட்டுலயே இருக்கு. பாரி வள்ளல கபிலர் பாடும்போது, எல்லாரும் பாரி பாரின்னு ஒருத்தன மட்டும் புகழுறீங்களே, இந்த உலகத்த காப்பாத்த மாரியும் இருக்கேன்னு சொல்றாரு, புறநானூறுல 107ஆவது பாட்டு. அங்க மாரின்னா சாமி இல்ல, மழைதான், யாருக்கு என்னான்னு பாக்காம குடுக்குற மழை. கூத்துல ராசா வந்து மந்திரிக்கிட்ட "மாதம் மும்மாரி பொழிகிறதா"ன்னு கேப்பாரே, அந்த மும்மாரியும் இதே மாரிதான், மாசத்துக்கு மூணு மழை.

ஆயின்னா அம்மா. பழைய தமிழ்ல அம்மாவ சொல்றதுக்கே ஒரு வரிசை இருந்திருக்கு, என் அம்மான்னா யாய், உன் அம்மான்னா ஞாய், அவங்க அம்மான்னா தாய். ஆய், ஆயிங்கிறதெல்லாம் அந்த கூட்டத்து சொல்லுதான். நம்ம பாட்டிங்க பேரு பட்டியல போட்டு பாருங்க, கருப்பாயி, வீராயி, செல்லாயி, ராமாயி, பேச்சாயி, குப்பாயி, எல்லாத்துக்கும் வாலுல இந்த ஆயி இருக்கும். வீட்டுல பெரியவங்க ரெண்டு வயசு பொம்பள பிள்ளைய தூக்கி வச்சுக்கிட்டு "வாடி ஆயி, சோறு தின்னுடி ஆயி"ன்னு கொஞ்சுவாங்கள்ல, பிள்ளைய போயி அம்மான்னு கூப்புடுற அந்த பழக்கத்த நான் வேற எந்த சனத்துக்கிட்டயும் இவ்ளோ சகஜமா பாத்தது இல்ல.

ஆக மாரியாயின்னா மழை அம்மா, மழையா வர்ற அம்மா. இந்த ஆயி எடத்துல ஊருக்கு தகுந்த மாதிரி வேற சொல்லு வரும். அம்மாள்னு வச்சா மாரியம்மாள், ஆத்தான்னு வச்சா மாரியாத்தா. வேகமா சொல்லி சொல்லி மாராயின்னு தேஞ்சு போனதும் உண்டு, எங்க தோட்டத்துல அப்படி ஒரு பாட்டி இருந்துச்சு. ஆம்பளைங்களுக்கு மாரியப்பன், மாரிமுத்து. 2016ல ரியோ பாராலிம்பிக்ல உயரம் தாண்டி தங்கம் வாங்குன சேலத்து தம்பி மாரியப்பன் தங்கவேலு பேருலயும் இந்த மழைதான் இருக்கு, இந்தியா மகளிர் கால்பந்து டீம்ல வெளையாடுன மாரியம்மாள் பாலமுருகன் பேருலயும் அதேதான்.

இப்ப முத்துக்கு வருவோம், ஏன்னா மாரிமுத்து, முத்துமாரி, முத்தாயி எல்லாம் இதோட சேந்ததுதான். நெறைய பேரு முத்துன்னா நகையில வைக்கிற முத்துன்னு மட்டும் நெனைக்கிறாங்க. அம்மை போட்டா ஒடம்பு பூரா கொப்புளம் கொப்புளமா வரும்ல, அத கொப்புளம்னு சொல்லக்கூடாதுன்னு முத்துன்னு சொன்னாங்க. நோயின்னும் சொல்ல மாட்டாங்க. அம்மா வந்திருக்கா, அம்மா வெளையாடுறா, முத்து போட்டிருக்கா, இப்படித்தான் பேச்சு. அம்மைங்கிற சொல்லே அம்மாங்கிறதுதானே. வாசல்ல வேப்பிலை சொருகுறது, வீட்டுல தாளிக்காம சமைக்கிறது, இளநீரும் கூழும் குடுக்குறது, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணிய தலைக்கு ஊத்துறது, இது எல்லாமே வீட்டுக்கு வந்திருக்குற அம்மாவ குளிர வச்சு நல்லபடியா அனுப்பி வைக்கிறதுக்குத்தான். அம்மை எறங்கிட்டா "அம்மா எறங்கிட்டா"ன்னு சொல்லுவாங்க.

இங்க ஒரு சந்தேகம் வரும். மழையும் மாரி, அம்மை நோய்க்கு தெய்வமும் மாரியா, ரெண்டுக்கும் என்னா சம்பந்தம்? சில பேரு என்னா சொல்றாங்கன்னா வடமொழியில மாரின்னா கொள்ளைநோய், சாவு, அதுலேர்ந்துதான் அம்மன் பேரு வந்துச்சுங்கிறாங்க. அப்படி ஒரு சொல்லு அந்த மொழியில இருக்குறது உண்மைதான். ஆனா எனக்கு மழைதான் சரியா படுது. அம்மைங்கிறத நம்ம சனங்க சூட்டு நோயாத்தான் பாத்தாங்க, அது கோடையில வரும், ஊர்ல தண்ணி வத்தி, கெணறு காஞ்சு கெடக்கும்போது வரும், மழை எறங்குனா மண்ணும் குளிரும் ஒடம்பும் குளிரும். அப்ப சூட்டையும் குடுத்து குளிர்ச்சியும் குடுக்குற ஒருத்திக்கு மழைன்னு பேரு வச்சதுல எனக்கு எந்த கொழப்பமும் தெரியல. பெரியம்மைங்கிற நோயே இப்ப உலகத்துல இல்ல, இந்தியாவுல 1975ல கடைசியா வந்துச்சு, 1980ல உலக சுகாதார நிறுவனம் அது அடியோட ஒழிஞ்சிடுச்சுன்னு அறிவிச்சிடுச்சு. நோய் போயும் பேரும் கோயிலும் நிக்குதுன்னா அது பயத்துல மட்டும் வச்ச பேரா இருக்க முடியாது.

சமயபுரத்து அம்மன் மேல எங்க பாட்டிக்கு உசுரு. அங்க ஒரு வழக்கம் இருக்கு, மாசி கடைசி ஞாயித்துக்கெழமையிலேர்ந்து பங்குனி கடைசி ஞாயிறு வரைக்கும் 28 நாளு அம்மனே விரதம் இருக்கும், பச்சைப்பட்டினி விரதம்னு பேரு. அந்த நாள்ல அம்மனுக்கு சமைச்ச தளிகை கெடையாது, துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர், இவ்ளோதான் படைப்பாங்க. சாமிக்காக மனுசன் பட்டினி கெடக்குறது எல்லா ஊர்லயும் உண்டு, பிள்ளைங்களுக்காக சாமி பட்டினி கெடக்குதுன்னா அதுதான் ஆயி. இந்த ஒரு விசயத்த கேட்டப்பறம்தான் பாட்டி பேரோட பின்பாதி எனக்கு நல்லா வெளங்குச்சு.

சரி, இந்த பேரு எப்படி இவ்ளோ தூரம் வந்துச்சு? மலாயா தோட்டத்துக்கு வந்த நம்ம ஆளுங்க திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு பக்கத்துலேர்ந்துதான் நெறைய. முதல்ல ஒப்பந்தக் கூலியா, அது 1910ல நின்னுச்சு, கங்காணி (ஊர்லேர்ந்து ஆள் சேத்து கூட்டிட்டு வர்ற மேஸ்திரி) மூலமா வர்றதும் சேந்து நடந்துச்சு, 1938ல இந்தியா அரசாங்கம் அப்படி ஆள் அனுப்புறதயே நிறுத்திடுச்சு. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி பினாங்குல எறங்குனவங்க கையில பெட்டியில என்னா இருந்துச்சோ தெரியாது, மாரியம்மன் மட்டும் கண்டிப்பா கூட வந்தா. பினாங்கு குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833ல வந்தது, கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயில் தம்புசாமி பிள்ளை 1873ல கட்டுனது. தைப்பூசத்துக்கு பத்துமலைக்கு போற வெள்ளித் தேரு அந்த மாரியம்மன் கோயில்லேர்ந்துதான் கெளம்பும், முருகன் கூட அம்மா வீட்டுலேர்ந்துதான் பொறப்படுறாரு இந்த நாட்டுல.

தோட்டத்துக்குள்ள பாத்தா, லயம் போட்ட கொஞ்ச நாள்ல ஒரு மரத்தடியில ஒரு கல்லு, ஒரு சூலம், மேல ஒரு தகரக் கொட்டாய், அது மாரியம்மன். காட்ட வெட்டி மரம் வச்ச காலம் அது, மலேரியா காச்சல்ல சனங்க கொத்துக் கொத்தா செத்தாங்க, பாம்பு வேற, ஆஸ்பத்திரி எங்கயோ, ஆயிய விட்டா கூப்புடுறதுக்கு யாரு இருந்தா. தோட்டத்துல பொறந்த பொம்பள பிள்ளைக்கு அவ பேர வைக்கிறதுக்கு பெரிய காரணமே வேணாம். திருவிழாவுக்கு காப்பு கட்டுன நாள்ல பொறந்தா மாரியாயி, முன்னாடி ரெண்டு பிள்ள தங்காம போயி வேண்டிக்கிட்டு பொறந்தா மாரியாயி, பிள்ளைக்கு அம்மை போட்டு பொழச்சு வந்தா இருந்த பேர மாத்தி மாரியாயின்னு கூப்புட்டதும் உண்டாம்.

நான் அடிக்கடி நெனைச்சு பாக்குற விசயம் ஒன்னு இருக்கு. ஊர்ல மாரின்னா ஏங்கி ஏங்கி கூப்புடுற மழை. அங்க பயிரு வானத்த பாத்து நிக்கும். ஆனா இங்க ரப்பர் தோட்டத்துல மழை பேஞ்சா பால்வெட்டு கெடையாது. மரம் நனஞ்சிருந்தா வெட்டுன கோட்டுல பால் ஒழுங்கா ஓடாது, பட்டை மேல பரவி வழிஞ்சு போயிடும், பால் புடிக்கிற மங்குல விழுந்ததும் தண்ணி கலந்து கெட்டுப் போயிடும். விடியக்காலையில பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணுற எடம்) போயி நிப்பாங்க, வானம் கொட்டும், திரும்பி வந்துடுவாங்க, அன்னைக்கு வெட்டுக் கூலி இல்ல. பேராக்குல அக்டோபர் நவம்பர் மழை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மழைன்னு பேரு வச்சுக்கிட்ட எங்க பாட்டி மழை வந்தா அடுப்படியில ஒக்காந்துக்கிட்டு "இன்னைக்கும் போச்சா தாயி"ன்னு சொல்லும். தன் பேரத்தான் சொல்றோம்னு அதுக்கு தோணவே இல்ல. எனக்கு என்னா தோணுதுன்னா, இங்க வந்த ஒடனே அந்த பேருல இருந்த மழை மெல்ல மறந்து போச்சு, ஏன்னா இங்க மழைய வேண்டிக்கிற தேவையே இல்ல, நிக்கணும்னுதான் வேண்டுனாங்க. அம்மா மட்டும் நின்னுட்டா. அதனாலதான் இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு "சாமி பேரு"ங்கிறதுக்கு மேல ஒன்னும் தெரியாம போச்சு, அது அவங்க தப்பு இல்ல.

பேரு எறங்கி வர்ற வழியையும் சொல்லிடுறேன். பேரன், பேத்திங்கிற சொல்லுக்குள்ளயே பேரு இருக்கு பாருங்க. பெயரன், பெயர்த்தி, அதாவது தாத்தா பாட்டி பேர தாங்குறவங்க, அதுதான் பேரன் பேத்தின்னு ஆச்சு. மொத பொண்ணுக்கு அப்பாவ பெத்த பாட்டி பேரு, அடுத்ததுக்கு அம்மாவ பெத்த பாட்டி பேரு, பொதுவா இதான் கணக்கு. ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. மருமக மாமியா பேர வாயால சொல்லக்கூடாது. அப்ப மாமியா பேர தன் பிள்ளைக்கே வச்சிட்டா எப்படி கூப்புடுறது? அதனாலதான் அந்த காலத்துல பாதி பேருக்கு வீட்டுல பாப்பா, பெரியவ, சின்னக்குட்டி, அம்மாடின்னு வேற ஒரு பேரு. எங்க அக்காவுக்கு பாட்டி பேருதான், எங்கம்மா அத ஒரு நாள் கூட மாரியாயின்னு கூப்புட்டது கெடையாது, "பெரியவளே"தான்.

அப்புறம் ஏன் இந்த பேரு போச்சு? ஒரே காரணம் இல்ல. பெரியார் 1929லயும் 1954லயும் மலாயா வந்தாரு, சுயமரியாதை பேச்சு இங்கயும் பரவுச்சு, தோட்டத்து பிள்ளைங்களுக்கு கலைச்செல்வி, தமிழ்ச்செல்வி, மலர்விழின்னு அழகான பேருங்க வந்துச்சு, நல்லதுதான், அதுவும் தமிழ்தானே. அதுக்கப்புறம் கவிதா, ஷாலினி, தர்ஷினி. சினிமா ஒரு பக்கம், மாரியாயின்னு பேரு வச்சா அது சிரிக்க வைக்கிறதுக்கு வர்ற வேலக்காரம்மாவாத்தான் இருக்கும், இது எனக்கு எப்பவுமே கோவம் வர்ற விசயம். பள்ளிக்கூடத்துல இன்னொரு கொடும, சின்ன பிள்ளைங்க பேச்சுல ஆயின்னா வேற அர்த்தம் ஆயிடுச்சுல, அத வச்சு எங்க அக்காவ கிண்டல் பண்ணி பண்ணி, அது பதினேழு வயசுல வேலைக்கு போன எடத்துல பேரு மேரின்னு சொல்லிடுச்சு. முப்பது வருசம் மேரியாவே ஓடிடுச்சு.

எழுத்து பிரச்சன வேற. நம்ம தமிழ்ல மாரியம்மாள் வேற, மரியம்மாள் வேற. கால் போட்ட மாரி மழை, கால் இல்லாத மரி மரியாள், ஏசுநாதரோட தாயார் பேரு, கிறிஸ்தவங்க வைக்கிறது. மலாய்க்காரங்க மரியாம்னு வைக்கிறதும் அந்த அம்மாவோட பேருதான், குர்ஆன்ல 19ஆவது அத்தியாயமே அவங்க பேருல இருக்கு. மூணுமே தாயி பேருங்கிறது எனக்கு புடிச்ச விசயம். ஆனா ரூமி எழுத்துல, அதான் மலாய்க்கு எழுதுற ஆங்கில எழுத்துல, எழுதும்போது நெடிலும் குறிலும் ஒன்னாயிடும், எம் ஏ ஆர் ஐ ஏன்னு ஆரம்பிச்சா அது யாருன்னே தெரியாது. மாரியம்மாவ மரியாமாவா படிப்பாங்க, மலாய்க்காரங்கள்லயும் அப்படி பேரு இருக்கு, பின்னாடி அனாக் பெரம்புவான் (மகள்னு அர்த்தம்) போட்டு அப்பா பேரு வர்றத பாத்துத்தான் நம்ம ஆளுன்னே கண்டுபுடிக்கணும்.

பழைய தோட்டத்துல பேர எழுதுனது கிராணியோ (தோட்டத்து ஆபீஸ் கிளார்க்) ஆஸ்பத்திரி ஆளோ, காதுல விழுந்தத எழுதுனாங்க, நம்ம பாட்டிக்கு படிக்க தெரியாது, சரியா தப்பான்னு யாரு பாக்குறது. எங்க பாட்டிக்கு ஐசில (அடையாள கார்டு) ஒரு எழுத்து, பேங்க் புத்தகத்துல ஒரு எழுத்து, எங்கப்பாவோட சூராட் பெரானாக்ல (பொறப்பு பத்திரம்) இன்னொன்னு. பாட்டி செத்ததுக்கு அப்புறம் அந்த கணக்க முடிக்கிறதுக்கு மூணும் ஒரே ஆளுதான்னு எங்கப்பா சத்தியக் கடிதாசி எழுதி குடுக்க வேண்டியதா போச்சு. அதுக்கு முன்னாடி ஒரு தடவ ஒரு க்ளினிக்ல "மரியாயே, மரியாயே"ன்னு மைக்குல கூப்புட்டுக்கிட்டே இருந்திருக்காங்க, பாட்டி ரெண்டு மணி நேரம் அங்கயே ஒக்காந்திருக்கு, அது தன் பேருன்னே அதுக்கு தெரியல. நான் வேலைய முடிச்சு வந்து பாத்தப்ப "என்ன யாரும் கூப்புடலம்மா"ன்னுச்சு.

அதனால இந்த பேர வைக்கணும்னு ஆச இருக்குறவங்களுக்கு ஒன்னு சொல்றேன். பதியும்போது எம்முக்கு அப்புறம் ஏ ரெண்டு தடவ போடுங்க. அப்ப யாரு படிச்சாலும் நாக்கு கொஞ்சம் நீளும். முழுசா மாரியாயின்னு வைக்க தயக்கமா இருந்தா மாரின்னு மட்டும் வைக்கலாம், முத்துமாரி, மாரிச்செல்வி, மாரீஸ்வரி, இதெல்லாம் இப்பவும் ஊர்ல வைக்கிற பேருதான். ஆனா என்னா வச்சாலும் பிள்ளைக்கு நாலஞ்சு வயசுல அர்த்தத்த சொல்லிக் குடுத்துடுங்க, மழை பேயிற ஒரு நாளா பாத்து சொன்னா மறக்கவே மறக்காது. தடிக்காவுல நான் அப்படித்தான் பண்றேன், வெளிய கொட்டும்போது "இதுக்கு தமிழ்ல இன்னொரு பேரு இருக்கு, தெரியுமா"ன்னு கேப்பேன்.

எங்க அக்கா மகளுக்கு போன தீவாளிக்கு முன்னாடி பொம்பள பிள்ள பொறந்துச்சு. பேரு என்னா வைக்கிறதுன்னு அவங்க வீட்டுக்காரரும் அவளும் பத்து நாளு போன்ல தேடிக்கிட்டு கெடந்தாங்க, கடைசியில அவளே வந்து "சின்னம்மா, பூட்டி பேருதான்"ன்னு சொன்னா. மாரி, ஏ ரெண்டு போட்டு. அக்கா சூராட் பெரானாக்க கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்துச்சு, ஒன்னும் பேசல. எங்கம்மாவுக்கு எழுவத்தெட்டு வயசு, மாமியா போயி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு, இப்பவும் அந்த பேரு வாயில வர மாட்டேங்குது. பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு "ஆயி, என் ஆயி"ன்னு பின்பாதிய மட்டும் சொல்லிக்கிட்டு ஆட்டுது.